மீதி பஸ்

அந்தத் தெருவில் காலை பத்தேகாலுக்கு விசில் சத்தம் கேட்டால், போலீஸ் என்று நினைத்து யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டக்டர் டீச்சர் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டார் என்று அவரவர் வேலையைத் தொடர்வார்கள். முன்னால் டீச்சர், பின்னால் பள்ளியின் ஆயா, நடுவில் ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு பதினேழு வாண்டுகள். பதினேழு ஒற்றைப்படை என்பதால் ஜோடி கிடைக்காமல் எப்போதும் ஒன்று மிஞ்சும். அது ஆயாவின் கையையோ டீச்சரின் கையையோ பிடித்துக்கொள்ளும். எல்லாத் தோளிலும் ஒரு துணிப்பை, பைக்குள் வைத்து வரைய ஒரு அட்டை, நாலு கிரேயான். பேப்பர் மட்டும் டீச்சரிடம் இருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அதைக் கொடுப்பார், ஆளுக்கு ஒன்று, டிக்கெட் கொடுப்பதுபோல.

பேச்சுக்குச் சொல்லவில்லை. பதினாலு வருஷம் நகரப் பேருந்தில் நிஜமாகவே டிக்கெட் கொடுத்த கை அது. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். எண்ணுவதும் கண்டக்டர் கணக்குத்தான். பிள்ளைகளை எண்ண முடியாது, ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்குமா அதுகள்? ஒன்றை இரண்டு தடவை எண்ணுவோம், இன்னொன்று காலுக்கடியில் புகுந்து எண்ணிக்கையிலேயே வராது. பேப்பர் ஓடாது. பதினேழு பேப்பர் கொடுத்தோம், கிளம்பும்போது வரைந்த பதினேழு பேப்பர் கைக்கு வந்துவிட்டதா? ரைட், போகலாம். மூன்று வருஷமாக இந்தக் கணக்கு ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது முழங்கால்தான். ஆடுகிற வண்டியில் பதினாலு வருஷம் நின்றதில் மூட்டு தேய்ந்துபோய், இனி நின்றால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, பேச்சுத்துணைக்கு ஒரு இரும்பு பீரோ. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஆறாவது மாதம் எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கணவரின் தங்கை, அதாவது நாத்தனார், தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மழலையர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். "சும்மாத்தானே இருக்கீங்க அண்ணி, வந்து பிள்ளைங்களைக் கொஞ்சம் பாத்துக்கங்களேன்" என்று கூப்பிட்டார். டீச்சராக அல்ல, அழுகிற பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு ஆளாக.

அந்த அறையின் சுவர் முழுக்கப் படங்கள் போட்ட பளபளப்பான அட்டைகள். ஒரு கட்டத்தில் எலி, பக்கத்துக் கட்டத்தில் ரயில், அதற்கடுத்து ஆப்பிள், அப்புறம் யானை. எல்லாம் ஒரே அளவு. நாத்தனார் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்ட, பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை மெதுவாக எழுந்து வந்து நம் கண்டக்டரின் காதோரம் ஒரு சந்தேகம் கேட்டது.

"எலி கடிச்சா ரயில் செத்துடுமா?"

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லும்போது பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு? அட்டையில் இரண்டும் ஒரே அளவுதானே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டிலேயே சுரைக்காய் ஒழுங்காக இல்லை. பள்ளியிலிருந்து பத்து நிமிஷ நடையில் ரயில்வே கேட் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ரயில் போகிறது, பிள்ளைகள் அட்டையில் ரயில் படிக்கின்றன. இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு வாரம் நாத்தனாரின் உயிரை வாங்கினார். மூன்றாவது வாரம் நாத்தனார், "ஒரே ஒரு தடவை, ஆயாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

கேட்டுக்கு இருபதடி தள்ளி ஒரு சுவரோரமாகப் பிள்ளைகளை உட்காரவைத்தார். சரக்கு ரயில் வந்தது. நாற்பத்திரண்டு பெட்டி. ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை, ஒன்று மட்டும் டிரவுசரை நனைத்துக்கொண்டது. ரயில் போனதும் பேப்பரைக் கொடுத்தார். அன்றைக்கு வந்த படங்களை நாத்தனார் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றில் கறுப்புக் கிறுக்கல் பேப்பரின் நாலு ஓரத்தையும் தாண்டிக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஒன்றில் சக்கரம் மட்டும், எண்ண முடியாத அளவுக்கு. இன்னொன்றில் ஒரு முகமும் நட்டுக்கொண்டு நிற்கிற தலைமுடியும்.

"இதுல ரயில் எங்க அண்ணி?"

"ரயில் போயிடுச்சும்மா. இது காத்து."

நாத்தனார் அந்தப் பேப்பரை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பவனி ஆரம்பமாகிவிட்டது.

எங்கெல்லாம் போகவில்லை? நகரத்தில் பாதிப் பேர் அவர் கையால் டிக்கெட் வாங்கியவர்கள். தையல்கடைக்காரர் தெரிந்தவர், தீயணைப்பு நிலையத்துக்காரர் தெரிந்தவர், பழமண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் தெரிந்தவர்கள். தையல்கடையில் மிஷின் ஓடுகிற தாளத்துக்குத் தரையைத் தட்டக் கற்றார்கள், வேகமாக ஓடினால் வேகமாக, நூல் அறுந்தால் கப்சிப். பழமண்டியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனையை மோந்துவிட்டு, பள்ளிக்கு வந்து அந்த வாசனையைக் களிமண்ணில் செய்தார்கள். வாசனையைக் களிமண்ணில் எப்படிச் செய்வது என்று பெரியவர்கள்தான் கேட்டார்கள், பிள்ளைகள் கேட்கவில்லை. தீயணைப்பு நிலையத்தின் நீளமான குழாயைப் பார்த்துவிட்டு வந்து, பதினேழு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்து, ஒரு கோடியில் தண்ணீர் புறப்பட்டு மறுகோடிக்குப் போவதுபோல நெளிந்து காட்டினார்கள். அதைப் பார்த்த ஒரு தகப்பனார் ஆபீசுக்கு அரை மணி தாமதமாகப் போனார்.

ஒருநாள் வங்கிக்குப் போனபோது, எல்லாப் படத்திலும் முழங்கால்களும் செருப்புகளும் கவுண்டரின் அடிப்பலகையுமாக இருப்பதைக் கவனித்தார். ஆள் முகம் ஒன்றுகூட இல்லை. அட, இதுகளின் உயரத்துக்கு நகரம் என்றால் இவ்வளவுதானா? அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் அவர் குத்தவைத்து உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகுதான் எங்கே உட்காரவைப்பது என்று முடிவு செய்வார். தேய்ந்த மூட்டோடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குத்தவைத்து எழுவதற்கு என்ன வலி வலிக்கும் என்று அவர் கணவருக்குத்தான் தெரியும். ராத்திரி தைலம் தேய்ப்பது அவர்தானே? "நின்னுக்கிட்டே செஞ்ச வேலையை விட்டுட்டு உக்காந்து எழுந்திருக்கிற வேலைக்குப் போயிருக்கா, சாமர்த்தியசாலி" என்பார்.

இனி செக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நடுவழியில் ஏறி, டிக்கெட்டையும் ஆளையும் ஒத்துப் பார்க்கிற செக்கர் என்றால் எந்தக் கண்டக்டருக்கும் பயம். பள்ளியில் செக்கர் என்று பெயர் வாங்கியது நாலேகால் வயதுப் பெண். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எதையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். "இது ஏன் இங்க இருக்கு?" என்பாள். பதில் சொன்னால், "நிஜமா?" என்பாள். வரைவதிலும் அப்படித்தான். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கல் பொறுக்கப் போய்விடுவார்கள். அவள் பார்ப்பாள், ஒரு கோடு போடுவாள், மறுபடி பார்ப்பாள். அம்மா மட்டும்தான் வளர்த்தார். மருந்துக்கடையில் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக்கொடுக்கிற வேலை அவருக்கு. காலையில் மகளை விடும்போதுகூட வாசலில் நின்று, அவள் உள்ளே போய் உட்காரும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது வேறெங்கும் அல்ல, தன் சொந்த டிப்போவுக்கு.

மூன்று வருஷம் கழித்துப் போகிறார். வாசலிலேயே பழைய ஆட்கள் வரிசையாக நின்று, "கண்டக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்று கத்தினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி ஓடாத பின்பக்கத்தில், பஸ் கழுவுகிற தளத்தின் ஓரமாக, வழக்கம்போலக் குத்தவைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்தார். கழுவுகிறவர் குழாயைத் திருப்பிப் பிடித்ததும் நுரை மழையாகக் கொட்டி, அழுக்குப் பஸ்ஸுக்குள்ளிருந்து சிவப்புப் பஸ் ஒன்று வெளியே வந்தது. ஆளுக்கு ஒரு பேப்பர். "ஆரம்பிச்சதை முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் செக்கர் எழுந்து வந்தாள். பேப்பரில் பஸ்ஸின் முன்பக்கம் மட்டும் இருந்தது. கண்ணாடி, விளக்கு, ஸ்டியரிங், துடைப்பான், எண்பலகையில் ஒரு எண் விடாமல். மூன்றாவது ஜன்னலோடு பேப்பர் முடிந்துவிட்டது, ஜன்னலில் இருந்த ஆளுக்குப் பாதி மூக்குத்தான்.

"டீச்சர், பஸ் பெரிசு. பேப்பர் சின்னது. இன்னொண்ணு குடுங்க."

ஆளுக்கு ஒன்று என்பது சட்டம். ஆனால் எலியும் ரயிலும் ஒரே அளவு என்று நம்பிய வகுப்பிலிருந்து, பஸ் பெரிசு என்று ஒரு பிள்ளை சொன்னால் எந்த டீச்சரின் மனசு இளகாது? முதல் பேப்பரை வாங்கித் தன் பேப்பர்க் கட்டோடு வைத்துக்கொண்டு, இரண்டாவதை நீட்டினார். அவள் அதை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, பஸ்ஸுக்கு அந்தப் புறம் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர், "என்னம்மா, எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். பேச்சு எங்கெங்கோ போனது. யார் ஓய்வு பெற்றார், யார் மகளுக்குக் கல்யாணம் ஆனது, எந்த வண்டி இன்னும் அதே இடத்தில் கடகடக்கிறது.

பதினொன்றேகாலுக்குப் பள்ளிப் பக்கம் போகிற பஸ். அவசர அவசரமாகப் பேப்பர் வாங்கினார். எண்ணினார். பதினேழு. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நின்றார்கள், அன்றைக்கென்று ஒன்றுகூட மிஞ்சாமல் அழகாக நின்றார்கள். ஆயா, மிஞ்சிய பிள்ளை டீச்சர் கையில் என்று நினைத்துக்கொண்டார். டீச்சருக்கு அந்த நினைப்பே இல்லை, பேப்பர்தான் பதினேழு இருக்கிறதே! விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

மூன்றாவது நிறுத்தம் தாண்டும்போது, பழக்கதோஷத்தில் கண்டக்டர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். நுரை, நுரை, கழுவுகிறவரின் பூட்ஸ், நுரை. பிறகு ஒரு பாதிப் பஸ். அதைப் பார்த்து முதலில் சிரித்தார். மீதிப் பஸ் எங்கே என்று அடுத்த பேப்பரைப் புரட்டினார். அதில் நுரைதான். அதற்கடுத்ததிலும் இல்லை. கட்டின் கடைசிவரை போய்ப் பார்த்தார்.

எழுந்து பிள்ளைகளின் தலையை எண்ணினார். பதினாறு. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதிய ஊதலில், டிரைவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் பிரேக்கை மிதித்தார். "இவங்களைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேருங்க" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு நடுரோட்டில் இறங்கினார். டிப்போவுக்குப் போன் அடித்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஓடினார். மூன்று நிறுத்தத் தூரம், தேய்ந்த மூட்டோடு, எதிர்ப்பக்கம் பஸ் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. டிப்போவில் பின்னால் எடுக்கிற வண்டி எத்தனை, கண்ணாடியில் தெரியாத இடம் எத்தனை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அதுதான் அவரை ஓடவைத்தது. பதினாலு வருஷத்தில் எந்தச் செக்கரிடமும் மாட்டாதவர் அவர்.

கழுவும் தளத்தில் பெரிய ரகளை. பதினொன்றரைக்குப் புறப்பட வேண்டிய அந்தச் சிவப்பு வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. டைம்கீப்பர் கையைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு கத்துகிறார். டிரைவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் இஞ்சினைக் கிளப்பவில்லை. கழுவுகிறவர் வண்டிக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக் காவல் நிற்கிறார்.

"நான் என்னப்பா பண்றது? அசையக் கூடாதுங்குது அந்தப் பொண்ணு" என்றார் அவர்.

கவிழ்த்த வாளி மேல் செக்கர் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் போய் அப்படியே வாரி அணைத்துக்கொண்டார்.

"டீச்சர், விடுங்க, கிரேயான் உடையுது" என்றாள் அவள். பிறகு அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க போனீங்க?" என்று கேட்டாள்.

அவளைப் பொறுத்தவரை அவள் தொலையவே இல்லை. தொலைந்தது டீச்சர்தான். பஸ்ஸின் கடைசி இரண்டு ஜன்னலும் பின்விளக்கும் பாக்கி இருக்க, வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. அதற்கு மட்டும் வழியெல்லாம் அழுதாள்.

பள்ளிக்கு வந்ததும் நாத்தனார் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். "அண்ணி, பொண்ணு பத்திரமா வந்துட்டா. அவளுக்கே ஒண்ணும் தெரியலை. நாமளா போய்ச் சொன்னா, நாளைக்கே பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"வெளிய போறது நின்னுடும், அண்ணி. உங்களுக்குப் புரியுதா? ஒரேயடியா நின்னுடும்."

"புரியுது. அதுக்காக அந்தம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு நாளைக்கு அவங்க பொண்ணோட கையை எப்படிப் பிடிக்கிறது?"

சாயங்காலம் நேராக மருந்துக்கடைக்குப் போனார். செக்கரின் அம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நடந்ததை நடந்தபடி சொன்னார், பேப்பர் கணக்கையும் சேர்த்து. இரண்டாவது பேப்பரைக் கொடுத்தது நான், எண்ணியது நான், தப்பு ஆயா மேல் இல்லை என்றார். அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எத்தனை நிமிஷம்?"

"இருபத்தி ரெண்டு."

"நான் ஒருத்தருக்கு மாத்திரையை மாத்திக் குடுத்துட்டு, இருபத்திரெண்டு நிமிஷம் கழிச்சு ஓடிப்போய்த் திரும்ப வாங்கிட்டு வந்தேன்னு வைங்க. நீங்க விடுவீங்களா?"

"விட மாட்டேன்" என்றார் டீச்சர்.

அடுத்த நாள் செக்கர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, டீச்சரே நிறுத்திவிட்டார். விசில் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கணவர் தேற்றிப் பார்த்தார். "சறுக்கினா ஆனைக்குத்தானே அடி படும்? இங்க அடிபட இருந்தது குழந்தைக்கு" என்று ஒரே வரியில் அவர் வாயை அடைத்துவிட்டார். பத்தேகாலுக்குப் பிள்ளைகள் பழக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் ஜோடி போட்டு நிற்கும். பதினாறு பேர், ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள். அந்த எட்டு ஜோடியையும் டீச்சர் ஒருமுறை பார்ப்பார். "இன்னைக்கு உள்ளேயே வரையலாம் கண்ணுங்களா" என்று திருப்பிக் கூட்டிப்போவார்.

நாத்தனாருக்கு முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் படங்களை அடுக்கிக்கொண்டே வந்தவர் கை நின்றது. எல்லாப் பேப்பரிலும் ரயில் நட்டநடுவில், ஓரத்தைத் தொடாமல், ஆப்பிள் அளவுக்கு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பேப்பரும் கிழியவில்லை. அவர் அதை அண்ணியிடம் காட்டவில்லை. காட்டினால் தாங்கமாட்டார் என்று அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

பதினாறாம் நாள் வியாழக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே செக்கரின் அம்மா மகளோடு வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பையிலிருந்து நீளமான ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். இரண்டாவது பேப்பர்தான், பக்கத்தில் ஒரு வெற்றுப் பேப்பரை வைத்துக் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.

"பதினஞ்சு நாளா வீட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கா. பின்பக்கம் பாக்கியாம். எல்லாப் பஸ்ஸுக்கும் பின்பக்கம் ஒரே மாதிரிதான்டி, சும்மா ரெண்டு விளக்கு போட்டு முடின்னு சொன்னேன். பாக்காம எப்படிம்மா வரையறதுன்னு கேக்கறா." அந்த அம்மா மகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "புரியாத சீட்டு வந்தா நானும் ஊகத்துல மருந்து எடுத்துக் குடுக்க மாட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன். அதை இவளுக்கு நான் ஒருநாளும் சொல்லிக்குடுக்கலை. எனக்கு எங்க நேரம்?"

டீச்சர் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தை விரலால் நீவிவிட்டார்.

"நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் ராத்திரி நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது. இன்னைக்கு லீவு போட்டிருக்கேன். டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன். எண்ணுறதை என் கண்ணு முன்னாடி எண்ணுங்க."

விசிலை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் நாத்தனார்.

அன்றைக்கு வரிசையில் யாரும் மிஞ்சவில்லை, செக்கருக்கு அவள் அம்மா ஜோடி. டீச்சர் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால், டிப்போவில் டைம்கீப்பர் அதே சிவப்பு வண்டியை ஒதுக்கி நிறுத்தியிருந்தார். "இன்னைக்கு எவ்வளவு நேரம் வேணும்னு மேடத்துக்கிட்டயே கேட்டுச் சொல்லிடுங்க" என்றார், செக்கரைக் காட்டி. அந்த அம்மா முதலில் தள்ளியே நின்றார். பிறகு, மகள் எதை அப்படி உற்றுப் பார்க்கிறாள் என்று அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றால் தெரியவில்லை. டீச்சர் செய்வதைப் பார்த்துத் தானும் குத்தவைத்து உட்கார்ந்தார். பின்விளக்குக்குக் கீழே, பெரியவர்கள் கண்ணுக்கே படாத இடத்தில், யாரோ ஒரு மெக்கானிக் எந்தக் காலத்திலோ பெயின்டில் போட்ட சின்னப் பறவை ஒன்று இருந்தது. செக்கரின் பேப்பரில் அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பதினாலு வருஷம் அதே டிப்போவில் இருந்த டீச்சருக்கே அது புதுசு.

படம் முடிந்தது. கிளம்பும் நேரம். டீச்சர் பேப்பரையெல்லாம் வாங்கி, எண்ணாமல், ஆயாவிடம் கொடுத்தார். வரிசையின் முன்னால் வந்து நின்று முதல் பிள்ளையின் தலையில் கையை வைத்தார். ஒன்று. அடுத்த தலை, இரண்டு. ஓட முடியாமல் ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அதன் முகத்தைப் பார்த்துவிட்டே அடுத்த தலைக்குப் போனார். பதினாறு. கடைசியில் செக்கர், பதினேழு. செக்கர் தலையைக் காட்டிவிட்டு, கணக்கு சரிதானா என்று தானும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் அம்மா நின்றார். டீச்சரைவிட ஒரு சாண் உயரம். டீச்சரின் கை அங்கே தயங்கி நின்றுவிட்டது. அந்தக் கையை ஒரு கணம் பார்த்த அம்மா, மகள் செய்ததுபோலவே தலையைக் குனிந்தார்.

"பதினெட்டு" என்றார் டீச்சர். அதற்குப் பிறகுதான் விசிலை வாயில் வைத்தார்.